கோயில் சுவரில் ஒரு கோல்

கீழ்வேளூருக்குத் தெற்கே, நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஊரின் சிவன் கோயில் உள்சுற்றில், சுவரின் அடிக்கல்லில் இரண்டு கூட்டல் குறிகள் வெட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு ஆள் தாராளமாகப் படுக்கலாம். சாமி கும்பிட வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஏதோ கொத்தனார் போட்டுப் பார்த்த கணக்கு என்று நானும் நினைத்திருந்தேன். சோழ ராஜா காலத்தில் ஊர் நிலத்தை அளந்த கோலின் நீளம் அது என்று எனக்குச் சொன்னவர் பெரிய டீச்சர்.

பெரிய டீச்சர் என்றால் எங்கள் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளியில் வாத்தியார் என்று இருந்ததே நாங்கள் இருவர்தான். அதனால் நான் சின்ன சார் ஆகிவிட்டேன். "கையில படாதது மண்டையில ஏறாது" என்பது அவர் வேதவாக்கு. வாய்ப்பாடு என்றால் புளியங்கொட்டையை வரிசை வரிசையாக அடுக்கச் சொல்வார். கொள்ளளவுப் பாடம் வந்துவிட்டால் மரக்காலும் வாய்க்கால் மணலும் வகுப்புக்குள் வந்துவிடும். சாயங்காலம் அந்த மணலைக் கூட்டி அள்ளுவது சின்ன சாரின் வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் கூட்டுவேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் கணக்கில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறு உச்சத்தில் இருந்தது. மரக்கால் நெல் கூடக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்துவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். பக்கத்து ஊரில் போலீஸ் கூடாரம் போட்டிருந்தது. மூன்றாம் வகுப்பில் மட்டும் பெரிய மிராசுதாரின் பேரனும் அவர் வயலில் நடவு நடுகிறவர்களின் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜா நிலத்தை அளந்தார் என்று சரித்திரப் பாடத்தில் வந்தது. கூலிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "எதால அளந்தாங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"நம்ம கோயில் சுவத்துலதான் இருக்கு. நாளைக்குப் போயி அளந்து பாத்துருவோம்."

"நாங்கள்லாம் உள்ள போவக்கூடாது டீச்சர்."

குறைபட்டுக்கொண்டு சொல்லவில்லை அவள். இன்றைக்கு வெயில் என்பது போலச் சொன்னாள். எல்லாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற சட்டம் வந்து வெகு காலம் ஆகியிருந்தது. அது எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தை மட்டும் இன்னும் தாண்டவில்லை. "நாளைக்கு எல்லாரும் குளிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார் டீச்சர். இருக்கிற கொதிப்பில் இது ஒன்று போதும், பிள்ளைகளின் அப்பன்மார்களுக்கு அடி விழ.

மறுநாள் கயிற்றோடு போனோம். கோயில் வாசலில் பெரிய மிராசுதார் உட்கார்ந்திருந்தார், தர்மகர்த்தாவும் அவரே. அவர் ஒரு வார்த்தை சொன்னால் டீச்சரைப் பேராவூரணிக்கு அந்தப் பக்கம் தூக்கி அடித்துவிடுவார்கள். பிள்ளைகளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"அளவுதானே டீச்சரம்மா? குருக்கள அளந்து தரச் சொல்றேன். பிள்ளைங்கள அழைச்சுக்கிட்டுப் போங்க."

"நீங்க குடுத்தா நம்பிக்குவாங்க ஐயா. நம்புறது கணக்காகாது. அவங்களே அளக்கணும்."

"எல்லாருமா?"

"எல்லாரும் ஒரே வகுப்புங்க."

அவர் முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம். டீச்சர் தனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே நடந்துவிட்டார்.

ஒரு குறியில் கயிற்று முனையை அவள் வைத்தாள். மறு குறியில் பேரன் இழுத்துப் பிடித்தான். அங்கே முடிச்சுப் போட்டு, அதே அளவால் உள்சுற்றின் நீளத்தை அளக்க ஆரம்பித்தார்கள். முதல் அளவு விழுந்ததும் அந்தப் பெண் ஓங்கிச் சொன்னாள், "லாபம்." பேரன், "ரெண்டு" என்றான். "மூணு" என்று வகுப்பே கத்தியது. களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அளப்பது என்றாலே அந்தப் பிள்ளைகளுக்கு, மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து, அப்படித்தான் எண்ணத் தெரியும்.

பெரியவர் எழுந்து உள்ளே வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"நெல்லுக்குத்தான் லாபம். நிலத்துக்கு ஒண்ணுன்னே சொல்லணும்" என்றார். "மொதல்லேருந்து அளங்க."

"ஐயா சொல்றாங்கள்ல, மறுபடியும் அளங்க" என்றார் டீச்சர், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல். வாசலில் நிறுத்தப் பார்த்த மனிதர், தப்பாக எண்ணுவதைப் பொறுக்கமாட்டாமல் அவர்களை இரண்டாம் தடவை அளக்க வைத்துவிட்டு, கயிறு தொய்கிறது என்று வேறு சத்தம் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

இதனால் கூலித் தகராறு தீர்ந்துவிடவில்லை. அது வேறு இடத்தில், வேறு விதமாக, மெல்லத் தீர்ந்தது. தெருவில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் டீச்சருக்கு மாற்றல் வரவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கூடத்து வேலி ஓரம் வந்து நின்றார். சண்டைக்கோ அழவோ வந்திருக்கிறார் என்று நான் பயந்தேன். "அந்தக் கல்லு சில்லுனு இருந்துச்சாமே, டீச்சர்? பாப்பா ராவெல்லாம் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு" என்றார். பெரிய டீச்சர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு வருஷா வருஷம் மூன்றாம் வகுப்பு கயிற்றோடு கோயிலுக்குப் போகும். டீச்சர் வேண்டுமென்றே 'லாபம்' என்று எண்ணவிடுவார். பெரியவர் வந்து திருத்துவார். அது வேண்டுமென்றே என்பது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இருவரும் இப்போது இல்லை. சென்ற மாசியில் அந்த ஊர்ப் பக்கம் போனபோது கோயிலுக்குள் போனேன். கும்பாபிஷேகத்துக்குச் சுவரைச் சுத்தம் செய்திருந்தார்கள். குறிகள் கொஞ்சம் மங்கியிருந்தன. யாரும் இல்லை. குனிந்து, அந்தப் பெண் கயிறு பிடித்த குறியில் விரலை வைத்து, "லாபம்" என்றேன். வெளியே நல்ல வெயில். கல் சில்லென்றுதான் இருந்தது.