பக்கத்தில் விட்ட இடம்

திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பின்சீட்டில் ஏறி ஓரமாக உட்கார்ந்ததும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “எவரைனா வஸ்துன்னாரா அண்ணா?” என்பார். யாராவது வருகிறார்களா என்று அர்த்தம். யாரும் இல்லை என்று தலையாட்டும்போதுதான் என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருப்பதைக் கவனிப்பேன். வேண்டுமென்று விடுவதில்லை. உடம்பு தானாக விட்டுவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன்புவரை அந்த இடத்திலும் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது என் எடை நூற்று இருபத்தெட்டு கிலோ. இப்போது எழுபத்து நான்கு. போன ஐம்பத்து நான்கு கிலோவும் ஒரு முழு மனுஷனின் எடை என்று யோசித்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும். ஆந்திராவில் இருக்கிறேன் என்று நான் சொன்னால் கடல் தாண்டிப் போனவனைப் போல அலட்டுகிறானே என்று ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். திருத்தணிப் பக்கத்து எங்கள் ஊருக்கு நகரி வழியாக பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும். பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் வழியில் போகிறவரைக் கேட்டு நிற்கும்போது எந்தத் தூரமும் தூரம்தான். ஊரில் நான் குண்டு ஏழுமலை. இங்கே கம்பெனி ஸ்டோரில் சேர்ந்த முதல் வாரமே ‘லாவு அண்ணா’ ஆகிவிட்டேன். மொழிதான் வேறு, பட்டம் ஒன்றுதான். பெண் பார்க்கப் போன வீடுகளில் காபி வருவதற்கு முன்பே பதில் வந்துவிடும். நாலைந்து வீட்டுக்குப் பிறகு நானே அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நாற்பத்திரண்டாவது வயதில் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. என் நைனா சர்க்கரையில் போனவர். அடுத்தவர் வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போனவருக்கு அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று ஊரே ஆச்சரியப்பட்டது. காலில் வந்த புண் ஆறாமல், கடைசி ஒரு வருடத்தில் உருகி உருகிப் பாதியாகி, நாற்பத்தாறு வயதில் செத்துப்போனார். எனக்கு நாலு வருடம்தான் பாக்கி என்று விரல் விட்டு எண்ணினேன். அன்று சாயங்காலமே அலிபிரிக்குப் போய்த் திருமலைப் படியில் கால் வைத்தேன்.

பக்தியால் போகவில்லை, பயத்தால் போனேன். முதல் நாள் முதல் கோபுரத்தைக்கூடத் தாண்ட முடியாமல் படியிலேயே குந்திவிட்டேன். ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் குனிந்து குனிந்து ஏறும் பெண்கள் இருக்கிறார்களே, முதல் ஆறு மாதம் அவர்கள் வேகம்தான் என் வேகம். பிறகு அவர்களைத் தாண்டினேன். வாரம் ஒருமுறை மலை, மற்ற நாளெல்லாம் விடியலில் நடை. கேன்டீனில் இரண்டாம் முறை தட்டோடு போய் நிற்பதை விட்டேன், டீக்குச் சர்க்கரையை விட்டேன். ராத்திரிக்குச் சோற்றை விட்டுவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் துன்னும் ராகிச் சங்கட்டி என்ற களியும் கீரையும் என்று ஆக்கிக்கொண்டேன். முதல் வருடம் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் வருடம் பழக்கமானது. இப்போது அதுதான் என் வாழ்க்கை. சர்க்கரையும் கட்டுக்குள் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எனக்கு மூச்சு வாங்குவதே இல்லை. கூட்டமில்லாத விடியலில் ஏறும்போது, நாலு படி கீழே யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு வரும் சத்தம் மட்டும் கேட்கும். கனத்த ஆள் ஏறுகிற மூச்சு. திரும்பினால் மஞ்சள் பூசிய காலிப் படிகள். எனக்கு அந்த மூச்சு நன்றாகத் தெரியும். நாற்பது வருடம் என்னோடு இருந்தது அது.

இரண்டாம் வருடக் கடைசியில் ஊருக்குப் போனேன். அதுவரை வேலையைச் சாக்குச் சொல்லிக்கொண்டு போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று போய் அம்மாவை அசத்த வேண்டும் என்று ஆசை. அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையில் தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்தது, அதை உதறவில்லை. எனக்குப் புரியவில்லை. உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த நைனாவின் படத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது கடைசி வருடம் எடுத்த படம். ஒட்டிய கன்னம், எடுப்பான தாடை, துருத்திய காது. அத்தனை நாளாக என் கொழுப்புக்குள் அந்த முகம்தான் இருந்திருக்கிறது. அவரைப் போலச் சாகக் கூடாது என்று பாடுபட்டு, சாகப்போகிற அவராகவே அம்மா முன்னால் போய் நின்றிருக்கிறேன்.

குளித்துவிட்டு வந்தால் மாற்றிக்கொள்ள அலமாரியில் இருந்த என் சட்டைகள் இரண்டு பேருக்குக் காணும். பெட்டியில் கிடந்த நைனாவின் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டேன். தைத்தது போலப் பொருந்தியது. அப்போது சமையல்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“இந்தாங்க, சோறு போட்டுட்டேன்.”

நைனாவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்படித்தான் கூப்பிடுவாள். அதன் பிறகு நான் இருந்த இரண்டு நாளும் அவள் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, ‘வாடா’ என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புத்தி தெளிவு. நான் யார் என்று நன்றாகத் தெரியும். பஸ் ஏற்றிவிட வந்தபோது அவளே சொன்னாள். “நீ என் புள்ளதான்னு தெரியுது. கண்ணு ஒத்துக்க மாட்டேங்குது, நான் இன்னா பண்ணட்டும்?” எனக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்த மறுவாரம் போனில் சொன்னாள், ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். என் உடம்பு தேறினால் என் தலைமுடி காணிக்கை. உடம்பு தேறித்தான் இருக்கிறது, டாக்டரே சொல்லிவிட்டார் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் தேறுவது என்றால் சதை போடுவது. ஒரு வருடம் இப்படியே ஓடியது. போன மாதம் மலை ஏறியபோது, அவள் மனசு ஆறட்டுமே என்று நானே போய் மொட்டை போட்டுக்கொண்டேன். கீழே வந்து, “மொட்டை போட்டுட்டேம்மா, கெளம்பி வா” என்று போன் செய்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பைக் கேட்டேன். நாளைக்கே வருகிறேன் என்றாள்.

மறுநாள் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். இந்த ஊரில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமில்லை. சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவே நானும் ஒரு தலை. அம்மா பெரிய தூக்குச்சட்டியோடு இறங்கினாள். நேராக என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். டீக்கடை ஓரம் முதுகைக் காட்டி நின்றிருந்த ஒரு பருத்த மொட்டைத் தலைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏழுமல, அம்மா வந்தது தெரியாம இன்னாத்தடா பாத்துக்கினு நிக்கிற?”

அவர் திரும்பினார். யாரோ தெலுங்குக்காரர். “எவரம்மா மீரு?” என்று, யாரம்மா நீங்கள் என்று, மரியாதையாகத்தான் கேட்டார். நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் முகம் விழுந்துபோனது.

“மொட்டை போட்டுட்டேன்னு சொன்னியே” என்றாள்.

அப்போதுதான் என் மடத்தனம் உறைத்தது. வேண்டுதல் பலித்த பிறகுதானே முடி கொடுப்பார்கள்? மொட்டை போட்டேன் என்றால் பழைய உடம்பு திரும்பி வந்துவிட்டது என்றுதான் அவளுக்கு அர்த்தம். ராத்திரி முழுக்கச் சமைத்து, பழைய ஏழுமலைக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். நடுவில் வழக்கம் போல இடம் விட்டிருந்தேன். அம்மா அதைப் பார்த்தாள். தூக்குச்சட்டியை அந்த இடத்தில் வைக்கப் போனவள், வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். முன்னால் இரண்டு பேர் ஏறியதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். யாராவது வருகிறார்களா?

இல்லை என்று நான் தலையாட்டுவதற்குள் அம்மா, எல்லை ஊர்களில் வேலைக்குப் போய்க் கற்ற தெலுங்கில், நிதானமாகப் பதில் சொன்னாள்.

“மா அப்பாயி வஸ்தாடு.”

எங்கள் பையன் வருவான்.

ஆட்டோக்காரர் சரி என்று எஞ்சினை அணைத்தார். அம்மா பஸ் ஸ்டாண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடுவில் விட்ட இடத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி ஒதுங்கி உட்கார்ந்து, நானும் வாசலைப் பார்த்தேன்.