பெண்கள் பக்கத்து முக்காடுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் தேனாம்பேட்டையில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் வாட்டர் கலரில் படம் வரைவேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் கிறிஸ்தவ சபையின் கோயில். அதன் காம்பவுண்டுக்குள்ளேயே சபை ஹால். கல்யாண விருந்து, ஞாயிறு பள்ளி, பெண்கள் சங்கக் கூட்டம் எல்லாம் அங்கேதான். அந்த வருஷம், விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையோடு சேர்த்து, சபையார் தங்கள் ஓவியங்களையும் ஹாலில் வைக்கலாம், விண்ணப்பம் போடுங்கள் என்று ஆராதனை முடிவில் அறிவித்தார்கள்.

வேறு இடம் எனக்கு இல்லை. முன்பு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கேலரியில் போய்க் கேட்டபோது, ஓவியம் எங்கே படித்தாய் என்றார்கள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருக்கிறேன், போதுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். என் வாய்தான் எனக்கு எமன். இந்த ஹாலும் கிடைக்காவிட்டால் என் படங்கள் பீரோவுக்குப் பின்னாலேயே மக்கிப்போகும் என்று தெரிந்துதான், மறுநாளே விண்ணப்பத் தாளை வாங்கினேன்.

தாளில் ஐந்து படங்கள் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் முன்னதாகவே ஹாலில் ஒப்படைக்க வேண்டும். ஆராதனைக்கும் சபைக்கும் இழுக்கு வராத படங்களாகப் பார்த்து சபைச் செயலாளர் கையெழுத்துப் போடுவார். என்னிடம் உருப்படியாக நான்குதான் இருந்தன. லஸ் பஸ் ஸ்டாப், அடையாற்றுப் பாலம், பூக்காரி, மழையில் நனையும் ரிக்‌ஷா. கடைசி நாளில் முந்தின வருஷத்துப் படம் ஒன்றை உருவி, தூசி தட்டி, ஐந்தாவதாகச் சேர்த்துப் பழைய போர்வையில் கட்டினேன். யோசிக்கவில்லை. யோசிக்காமல் காரியம் செய்வதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

அந்தப் படம் எங்கள் கோயிலின் பெண்கள் பக்கம். எங்கள் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். புருஷன் பெண்டாட்டியானாலும் வாசலிலேயே பிரிந்துவிட வேண்டும். நான் எப்போதும் கடைசி பெஞ்சு. பிரசங்கம் நீண்டால், பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் முன்னால் இருப்பவர்களைப் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பேன். அப்படிக் கிறுக்கியவற்றைச் சேர்த்துப் போட்டதுதான் அது. மூன்று வரிசையில் முக்காடு போட்ட பின்தலைகள், ஒரு முகம்கூடக் கிடையாது. முகம் இல்லாவிட்டால் ஆள் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

படங்களை வாங்கிக்கொண்டவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பதிலிருந்து பெஞ்சு துடைப்பது வரை கோயில் வேலையெல்லாம் அவருடையது. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு தலையாக விரல் வைத்து ஆளைச் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் சபையில் யாரும் இடம் மாறி உட்கார மாட்டார்கள். வருஷக் கணக்காக அதே பெஞ்சு, அதே மூலை. முக்காடும் ஆளுக்கு ஒரு விதம். என் அம்மாவுடையது பாட்டுக்குப் பாட்டு நழுவும். இரண்டாம் வரிசை ஓரத்தில், கரையை இரண்டாக மடித்துக் காதுக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு தலையில் அவர் விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"இன்னாம்மா, செக்ரட்டரி ஐயா வூட்டம்மாவையுமா போட்டுக்கீற?"

செயலாளரின் மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் வரைந்தபோது உயிரோடு இருந்தார். அடக்கத்துக்குப் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தவள், படத்தைக் கட்டும்போது அவரை நினைக்கவே இல்லை. என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். நோட்டில் எழுதியாயிற்று, இனி ஐயாவைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

ஐயாவைக் கேட்பதா? ரிட்டயரான அரசாங்க அதிகாரி, கெடுபிடிக்காரர். கல்யாண விருந்தில் சத்தமாகப் பாட்டு வைத்ததற்காக மாப்பிள்ளையையே நிற்கவைத்துத் திட்டியவர். மனைவியை அடக்கம் பண்ணின மறு ஞாயிறும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார், ஆனால் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். பிரசங்க நேரத்தில் நான் படம் போடுகிறேன் என்பதற்கு ஒரு மணி நேரம் திட்டிவிட்டு, அவர் பார்ப்பதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிடு என்றாள். எனக்குத் தைரியம் வரவில்லை. நான்கு நாள் ஆபீஸில் தப்புத் தப்பாக டைப் அடித்தேன். சபைக்கே தெரிந்து, எல்லாப் படங்களையும் என் தலையில் கட்டித் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று கிடந்து தவித்தேன்.

கடைசியில் சனிக்கிழமை மத்தியானம் துணிந்து ஹாலுக்குப் போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். டேபிள் டென்னிஸ் மேஜை மேல் அந்தப் படத்தை மட்டும் நிமிர்த்தி வைத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்பை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். பாதி சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுல எங்க வீட்டம்மா இருக்கான்னு கோயில்பிள்ளை சொன்னார். எதும்மா?"

என்னைச் சோதிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இரண்டாம் வரிசை ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து வந்து குனிந்து பார்த்தார். எப்போதும் இந்த மூலையில்தான் உட்காருவாளா என்று கேட்டார். ஜன்னல் காற்றுக்காக என்றேன். முக்காட்டை இப்படித்தான் மடிப்பாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எனக்குத் தெரியாதும்மா. எப்பவும் நான்தான் முன்னால நடப்பேன், அவ பின்னால வருவா."

விண்ணப்பத்தில் ஐந்து படங்களுக்கும் கையெழுத்துப் போட்டார். நான் வந்த வேலை முடிந்தது. ஆனால் சந்தோஷப்படத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

பண்டிகையன்று என் பஸ் ஸ்டாப்பையும் பாலத்தையும் யாரும் சீண்டவில்லை. பெண்கள் எல்லோரும் முக்காட்டுப் படத்தின் முன்தான் கூடி, இது நீ, இது நான் என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னை எதற்கு இவ்வளவு குண்டாகப் போட்டாய் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். இரண்டாம் வரிசை ஓரத்துக்கு வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். செயலாளர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

அவரே கை நீட்டி அந்தத் தலையைக் காட்டினார். "இது எங்க வீட்டம்மா. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

பொய்யைக் கேட்டால் சும்மா விடுகிறவள் இல்லை நான். அது எல்லோருக்கும் தெரியும். பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமாம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சார் சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் தலையை அசைத்துவிட்டு, ஆண்கள் நின்றிருந்த பக்கம் போனார்.