பாய்லர் அப்பாவுவும் பேசும் படமும்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒருவரைத் தவிர யாரும் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியதில்லை. ஆனால் மாதாமாதம் வரும் தொடர்கதையை எல்லாரும் கரைத்துக் குடித்திருந்தோம். அதற்குக் காரணம் அந்த ஒருவர், எதிர்வீட்டு அப்பாவு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில், பழுதுக்கு வரும் கப்பல் பாய்லர்களுக்கு ரிவிட் ஆணி அடிக்கிற வேலை அவருக்கு. வாலிபத்தில் சம்மட்டியைத் தூக்கியவருக்கு, தலை நரைப்பதற்குள் இரண்டு காதும் போய்விட்டது. காது கேட்காதவருக்குத் தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று எப்படித் தெரியும்? தனக்குத்தானே மெல்ல வாசித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, வாரத்துக்குச் சில பக்கமாக, தெருக்கோடி வரை கேட்கும்படி வாசிப்பார். மீன் கழுவுகிறவர்கள் கழுவுவதை நிறுத்துவார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள்கூட ஒரு பக்கம் முடியும்வரை நின்று போவார்கள்.

வெறும் வாசிப்பு என்றால் இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது. அந்தக் கதையில் கனகமாலினி என்று ஒரு பெண், அவள் சொத்துக்கு ஆசைப்படும் சித்தப்பன் ஒருவன். சித்தப்பன் பாலில் விஷம் கலக்கும் இடத்தில் அப்பாவு வாசிப்பதை நிறுத்திவிட்டு, அவனை அவனுடைய அப்பன் பாட்டன் வரைக்கும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். அவளுக்குக் கல்யாணம் நடந்த மாதம் வீடுவீடாகச் சர்க்கரை கொடுத்தார். அன்றைக்கு அவர் மனைவி கெங்கம்மா சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டு, வீட்டில் ஒரு பெண் பிறந்திருந்தால்கூட இந்த மனிதர் இப்படி ஆடியிருக்க மாட்டார் என்று எங்களிடம் அலுத்துக்கொண்டாள். அலுப்புக்குள் பெருமை ததும்பியது எல்லாருக்கும் தெரிந்தது.

கதை எந்த உருவத்தில் வந்தாலும் அப்பாவுக்குத் தலைகால் புரியாது. மாசி மாதக் கூத்தில், சங்கிலியால் கட்டுண்ட ராஜா தாகத்தால் தவித்துச் சாகும் கட்டத்தில், இவர் மேடையேறி ஒரு கோலி சோடாவை உடைத்து அவர் வாயில் ஊற்றினார். ராஜாவும் முழுப் புட்டியையும் குடித்து, ஏப்பம் விட்டு, பிறகு மறுபடி சாகத் தொடங்கினார். காபி ஹோட்டலில் நாடகப் பிளேட்டு வைத்தால், கிராமபோன் பெட்டிமேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நிற்பார். பெட்டியின் அதிர்விலேயே அழுகை எது, கோபம் எது என்று கண்டுபிடித்துவிடுவதாகச் சாதிப்பார். ஒருநாள் கோமாளிப் பாட்டுக்குக் கண்ணீர் விட்டார். அது கோமாளிப் பாட்டு என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அழுகை அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆனால் அவருடைய உயிர் இருந்த இடம் சினிமாக் கொட்டகைதான். அப்போது படங்கள் ஊமைப் படங்கள். திரைக்குப் பக்கத்தில் கையில் பிரம்புடன் பரசுராமன் என்பவர் நின்று, இவன் யார், அவள் ஏன் அழுகிறாள் என்று மணிமணியாகக் கதை சொல்லுவார். அவர் குரலுக்குக் கொட்டகையே மயங்கும். அந்தக் குரல் எட்டாத ஒரே ஆள் அப்பாவு. அவருக்கு அது தேவையும் இல்லை. பாய்லர் பட்டறையில் காது கேட்கிறவனுக்குக்கூட அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது, ஆகவே அங்கே எல்லாரும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் அப்பாவு திரையில் நடிக்கிறவர்களின் உதட்டையும் படித்துவிடுவார்.

வந்தது வினை. ஊமைப் படத்தில் பேசினால் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசி வைத்திருந்தார்கள். பதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பத்தினி கதறுகிறாள், பரசுராமனின் வர்ணனையில் பெண்கள் பக்கம் முழுவதும் முந்தானையால் மூக்கைச் சிந்துகிறது, அந்த நேரத்தில் அப்பாவு எழுந்து நின்று அதிரச் சிரித்தார்.

"தோ பாரு, புருசன் சாவறான், இவ சோறு வந்துச்சான்னு கேட்டுகினு கீறா."

கொட்டகை உருண்டு புரண்டது. பரசுராமன் பிரம்பைத் தரையில் அடித்துப் பார்த்தார், யாரும் அழுகைக்குத் திரும்பவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். கத்திச் சண்டையில் வீரன் கை வலிக்கிறது என்று எதிரியிடம் கெஞ்சுவதையும், முனிவர் தாடி அரிக்கிறது என்று முணுமுணுப்பதையும் அப்பாவு ஒன்றுவிடாமல் அறிவிப்பார். ஒரே படத்துக்கு இரண்டு கதை. எனக்கு அவருக்குப் பின்னால் உட்காரும் பாக்கியம், திரையை முழுதாகப் பார்த்தது குறைவு. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

முப்பத்தைந்தாம் வருஷம் எங்கள் கொட்டகைக்குப் பேசும் படம் வந்தது. ராணியைக் காட்டுக்கு விரட்டிவிடுகிறார்கள், கைக்குழந்தை தொலைந்துபோகிறது, அவள் தேடி அலைகிறாள். இதுதான் கதை. ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு போயிற்று. அப்பாவு எல்லாருக்கும் முன்னால், தரையில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்திருந்தார்.

படம் தொடங்கியது. ராணி வாயைத் திறந்தாள், திறந்தவள் மூடவேயில்லை. பேச்சென்று பெயருக்கு நாலு வார்த்தை, மற்றதெல்லாம் பாட்டு. ஒரு சொல்லை எடுத்து இழுத்து, மடக்கி, மறுபடி இழுத்துப் பாடுகிறவளின் உதட்டை எந்தச் சாமர்த்தியசாலி படிப்பான்? அப்பாவு முதலில் கழுத்தை நீட்டினார், பிறகு கண்ணைக் கசக்கினார், பிறகு சுற்றியிருந்த எங்கள் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் அழுதபோது அவரும் முகத்தை அழுவதுபோல் வைத்துக்கொண்டார். பாதியில் எழுந்து போய்விட்டார். என் முன்னால் இருந்த மணல்மேடு அதன்பின் காலியாகவே இருந்தது, திரை முழுதாகத் தெரிந்தது, எனக்குப் படம் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பத்திரிகையைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இனி வருவதெல்லாம் பேசும் படம்தான், தனக்குக் கதையின் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார் போலும். அதற்கு முந்தின வாசிப்பில் சித்தப்பன் கனகமாலினியைக் கிணற்றில் தள்ளியிருந்தான். தெரு முழுவதும் கிணற்று விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தது. வேறு யாராவது வாசிக்கலாமே என்றால், எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவன் வாசித்தும் பார்த்தான். கணக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருந்தது, பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுவைத் தேற்ற முதலில் கிளம்பியவன் ஜேக்கப். பாய்லருக்கு உள்ளே உட்கார்ந்து, அப்பாவு வெளியிலிருந்து அடிக்கும் ஆணிக்கு முட்டுக்கொடுப்பவன். பட்டறையில் உதடு தெரியாத தூரத்துக்குக் கைஜாடை உண்டு. அதை வைத்தே படத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவுவைக் கையைப் பிடித்து இழுத்துப் போனான். ஆனால் பட்டறை ஜாடையில் ராஜாவுக்கும் ராணிக்கும் எங்கே போவது? ராஜா வந்தால் மேஸ்திரி வருகிறார் என்ற ஜாடை. காதல் என்றால் ஆணி பழுக்கக் காய்ந்துவிட்டது, அடி என்ற ஜாடை. அது போகட்டும், இருட்டில் ஜாடை தெரியவில்லை என்று எழுந்து நின்று, படம் வரும் வெளிச்சத்துக்குள்ளேயே கையைத் தூக்கிவிட்டான். ராஜாவும் ராணியும் தோளில் சாய்ந்திருக்க, அவர்கள் தலைக்குமேல் பனைமர உயரத்துக்கு ஒரு முஷ்டி சம்மட்டி அடித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தேன். டிக்கெட் கிழிப்பவர் ஓடிவந்து இருவரையும் வெளியே தள்ளினார். அப்பாவு மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கெங்கம்மா பரசுராமன் வீட்டுக்கு நடந்தாள். படங்கள் தாமே பேச ஆரம்பித்ததும் அவருடைய பிரம்பை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டிருந்தார்கள். கோபத்தில் கொட்டகை வாசலைக்கூட அவர் மிதிக்கவில்லை, அந்தப் படத்தையும் பார்த்ததில்லை. எதிரியின் மனைவி வந்து நிற்கவும் அவர் அவசரமாகப் பாயை விரித்தார். போனதெல்லாம் போகட்டும், வீட்டுக்கு வந்து அந்த மனிதருக்கு ஏதாவது ஒரு கதையைச் சொல்லி வாயைத் திறக்க வையுங்கள் என்று அவள் கேட்டாள்.

வந்தார். எதிரே உட்கார்ந்து ஒரு பழைய கதையை எடுத்தார். கெங்கம்மா பழக்கப்படி விளக்கைத் தள்ளி, வெளிச்சம் பரசுராமனின் முகத்தில் விழுமாறு வைத்தாள். அப்போதுதான் அப்பாவுக்கு உதடு தெரியும். அப்பாவு மரியாதைக்குக் கேட்டுவிட்டு, கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ராணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். பரசுராமன் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால்தானே சொல்ல? விளக்கைப் பிடித்தபடி நின்ற கெங்கம்மா திடீரென்று சொன்னாள்.

"கொட்டாயில எல்லார் மூஞ்சிலயும்தான் வெளிச்சம் விழுது. அண்ணே, நீ இவருக்கு எதுத்தாப்ல உக்காந்துக்கோயேன். காதால கேட்டுட்டு வாயால சொல்லு."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று வாசலில் கூடி நின்ற நாங்கள் கேட்டோம். கொட்டகையில் பெண்களுக்குத் தட்டி கட்டித் தனி இடம், புருஷனோடு உட்கார முடியாது. அவள் இத்தனை வருஷமும் தட்டியின் ஓட்டை வழியாகத் திரையைவிட அதிகம் பார்த்தது, படத்தின் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் தன் புருஷன் முகத்தைத்தானாம். சொல்லிவிட்டு வெட்கத்தோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவதா என்று பரசுராமன் முறுக்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரி யோசித்தார். தான் எந்நாளும் ஜனங்களின் முகத்தைப் பார்த்துத்தான் நின்றதாகவும், படம் தன் முதுகுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்ததாகவும், இப்போது பார்க்க ஒரு முகம் கிடைத்தால் போதும் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை மாலை ஆட்டம். அப்பாவு மணல்மேட்டில், அவருக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பரசுராமன். ராணி பாடத் தொடங்கினாள். பாட்டை முழுதும் காதில் வாங்கி, சக்கையை எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் பரசுராமன் ஓசையில்லாமல் உதட்டில் வைத்தார். அப்பாவு மேலே திரையையும் கீழே உதட்டையும் மாறிமாறிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய அப்பாவு திரும்பி வந்துவிட்டார். மந்திரியைத் திட்டினார், காவலாளியை எச்சரித்தார், ராணியின் பக்கம் முந்நூறு நியாயம் பேசினார். சும்மா இரு என்று யாரோ அதட்ட, அவனை நாலு பேர் அதட்டினார்கள். நான் மறுபடி திரையில் பாதிதான் பார்த்தேன், ஆனந்தத்தில் எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

கடைசிக் கட்டம். தொலைந்த குழந்தை இருக்கும் வேடன் குடிசைக்கு ராணி வந்து சேருகிறாள். அதுவரை ஓயாமல் பாடியவள் அங்கே வாயைத் திறக்கவில்லை. வாத்தியமும் நின்றுவிட்டது. கொட்டகையில் கடற்காற்றுக்குக் கூரைத் துணி படபடக்கும் ஓசை மட்டும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பரசுராமனுக்குக் காதில் விழ ஒன்றுமில்லை. அவர் விழித்தார். படம் அறுந்துவிட்டதா, என்ன நடக்கிறது என்று உதட்டை அசைத்து அப்பாவுவிடம் கேட்டார்.

அப்பாவு அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாசற்படியில் வாசிக்கும் அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"அம்மாக்காரி வந்துட்டாப்பா. கொயந்த தூங்கிகினு கீது. எயுப்ப மாட்றா. தொட்டா முயிச்சுக்கும்னு கைய நீட்டி நீட்டி இஸ்துக்கிறா. பக்கத்துல உக்காந்து பாத்துகினே கீறா."

டிக்கெட் கிழிப்பவர் ஓடிவந்தார், வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அத்தனை பேரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அப்பாவு சொன்னார். இருந்தும் அவர் சொன்ன பிறகுதான் எல்லாரும் அழுதார்கள். பரசுராமனின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. தலையைத் திருப்பினால் ராணியைப் பார்த்துவிடலாம். அவர் திருப்பவில்லை. ஊருக்கெல்லாம் கதை சொன்ன அந்த மனிதருக்கு யாரும் அதுவரை கதை சொன்னதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ்ந்ததும் அப்பாவு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். கெங்கம்மா சர்க்கரை டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தாள். தெரு கூடிவிட்டது. கனகமாலினி கிணற்றுக்குள் ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறாள், மேலே ஏதோ ஒரு காலடிச் சத்தம். அந்த இடத்தில் அப்பாவு நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே மூக்குப்பொடி எடுத்தார்.

எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பரசுராமன், ஓசையில்லாமல் உதட்டை அசைத்து, அப்புறம் என்று கேட்டார்.