ஓடினால்தான் லாபம்

வலியசாலைத் தெருவில் யார் வீட்டு வாசலுக்காவது பெட்டி வந்துவிட்டால், சாம்பசிவன் சட்டையை மாட்டிக்கொண்டு எதிரே நிற்பார். “எங்கேயாக்கும்? ஸ்டேஷனா? அது நடக்கற தூரம்னா! ஏர்போர்ட்னா சொல்லுங்கோ, வண்டியை எடுக்கறேன்.”

வண்டி, ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய வெள்ளை டீசல் அம்பாசடர். டீசல் மலிவு, கிலோமீட்டரும் கூடத் தரும் என்று கணக்குப் போட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கின் மறுபாதி உறைத்தது. பெட்ரோல் வண்டியைவிடக் கூடக் கொடுத்த விலையைப் பிடிக்க, அது ஓயாமல் ஓட வேண்டும். அவருக்கோ கோயில் தெருக்கோடியில், காய்கறி பக்கத்துச் சந்தையான சாலைக் கம்போளத்தில். செருப்புத் தேயாத தூரம்.

ஆகவே ஊரார் பல்வலிக்கும் நாகர்கோவில் கல்யாணங்களுக்கும் வண்டி ஓடிற்று. கூலி கிடையாது. பேச்சைக் கேட்டால் போதும்.

“பிரான்ஸ்ல புதுசா வாங்கற கார்ல பாதிக்கு மேல டீசலாக்கும். ஜெர்மனியில டாக்ஸின்னாலே டீசல். அமெரிக்காக்காரன்தான் மூக்கைப் பொத்திக்கறான். அவனுக்கென்ன, பெட்ரோலை வெள்ளமாட்டம் விடற தேசம்!”

பின் சீட்டிலிருந்து அடுத்த வீட்டுச் சேஷன் கத்துவார்: “ஜெர்மனிக்கு அப்புறம் ஒண்ணும் கேக்கலை ஓய்! உம்ம வண்டி உம்மையே பேச விடமாட்டேங்கறது!”

தெருவே ஏறிய வண்டியில் மனைவி சீதாலக்ஷ்மி மட்டும் ஏறுவதில்லை. முதல் நாள் கரமனைப் பாலத்தில் தலை சுற்றுகிறது என்று இறங்கியவள்தான். அதற்குப் பிறகு ஆட்டோ. சாம்பசிவன் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போவார்.

“அந்த ஆட்டோவும் டீசலாக்கும், சீதே!”

“இருக்கட்டுமே. அவன் வாயை மூடிண்டு ஓட்டறான்.”

இவள் ஏறாத வண்டி ஓடி என்ன, கிடந்து என்ன என்று அவருக்கு உள்ளூர ஆகிவிட்டது.

போன ஆவணியில் ஒரு நாள், ஆட்டோ, பஸ் எதுவும் ஓடாத பணிமுடக்கம். அன்றைக்கென்று பார்த்து சீதாலக்ஷ்மியின் தங்கைக்கு நாகர்கோவிலில் கிரகப்பிரவேசம். பட்டுப்புடவையோடு வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அம்பாசடரின் பின் கதவைத் திறந்து, டாக்ஸியில் ஏறுகிறவள் மாதிரி ஏறி உட்கார்ந்தாள்.

சாம்பசிவன் அவசரமாக முன்னால் ஏறினார். கியரைப் போட்டார். “பார்த்தியோ, இப்போ பிரான்ஸ்ல…”

பின்னால் கதவுக் கைப்பிடி ‘கிளிக்’ என்றது.

சாம்பசிவன் வாயை மூடிக்கொண்டார். பாப்பனங்கோடு போயிற்று, பாலராமபுரம் போயிற்று. நெய்யாற்றின்கரை தாண்டியதும் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

“ஏன்னா, உடம்புக்கு முடியலையா? ஒரு வார்த்தையும் காணோமே?”

அவர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். இடது கையை உயர்த்தி, பின்னால் வரும் லாரியைக் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை மெல்லச் சாய்த்து, அதில் அவள் முகம் முழுசாக விழும்படி வைத்துக்கொண்டார்.