ரெட்டைக்கண் கேமரா

அடி அண்ணாமலையில் ரேணுகாம்பாள் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள்; போட்டோக்கார ரேணு என்றால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகூடக் கைகாட்டும். ஆண் போட்டோக்காரர்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டிய சடங்குக்கும் வளைகாப்புக்கும் அவள்தான் போவாள். எந்த வீட்டில் கேமராவை வெளியே எடுத்தாலும் முதலில் முந்தானை நுனியால் அதன் கீழ்க்கண்ணைத் துடைப்பாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைப்பாள்.

"அதுக்கு இன்னா ரேணு, கண்ணு வலியா?" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

அந்தக் கேமரா வீட்டுக்கு வந்தது எண்பத்தொன்றில். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. டவுனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை. தங்கை வள்ளிக்குப் பத்தொன்பது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் வள்ளியின் இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கிணற்றடிவரை நடந்தாலே மூச்சு வாங்கும். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் எதுவும் சொல்வதற்கில்லை என்று வேலூரில் சொல்லி, ஐப்பசியில் வரும்படி தேதி கொடுத்திருந்தார்கள்.

ரேணுவிடம் பெட்டிக் கேமரா ஒன்று ஏற்கெனவே இருந்தது. நல்ல வெயில் அடித்தால்தான் அதில் படம் விழும். வெயிலில் நின்றால் வள்ளிக்கு மயக்கம் வரும். அப்படியும் எடுத்த மூன்று படங்களில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். "இது நானா, பல்லு வலிக்காரியா?" என்று மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒட்டிய, தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான் மிச்சம். அதில் அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"வேலூர் போறதுக்குள்ள ஒரே ஒரு படம் நல்லா எடுத்துடுக்கா. உள்ள உக்காந்தபடியே. சிரிக்கிற மாதிரி."

"இன்னாடி அவசரம்? போய்ட்டு வந்து எடுத்துக்கலாம்."

"வந்தப்புறம் குண்டாய்டுவேன். இப்பவே எடு."

எதற்கென்று இருவருக்கும் தெரியும்.

தேரடித் தெருவில் ஜம்புகுமார் ஸ்டுடியோ வைத்திருந்தார். சமணர், இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று அந்தி சாய்வதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார். அதனால் இன்ஸ்டிடியூட் அரைநாளோடு முடியும் சனிக்கிழமைகளில் ரேணு அங்கே போய் நிற்பாள். கண்ணாடி அலமாரியில் பழைய கேமராக்கள் இரண்டு இருந்தன.

"இது ஒத்தக்கண்ணும்மா," என்றார் அவர். "நீங்க எந்தக் கண்ணாடி வழியா பாக்கறீங்களோ, அதே கண்ணாடி வழியாத்தான் ஃபிலிம்லயும் விழும். ஆயிரத்து நானூறு. இது ரெட்டக்கண்ணு. மேல் கண்ணு நீங்க பாக்கறதுக்கு, கீழ்க்கண்ணு படத்துக்கு. குனிஞ்சு பாக்கணும். இடம் வலமாத் தெரியும், வலம் இடமாத் தெரியும், அது பழகிடும். எழுநூறு குடுங்க."

"வீட்டுக்குள்ள எடுக்கலாமா சார்?"

"ரெண்டுலயும் எடுக்கலாம். ஜன்னல் வெளிச்சம் போதும்."

ரேணு எடுத்திருந்த சீட்டுப் பணம் சரியாக எழுநூறு. ஆனாலும் அவள் மனம் ஒற்றைக்கண்ணில்தான் கிடந்தது. தொழிலாகவே செய்தால் அதுதான் நிற்கும் என்று தோன்றியது. மூன்று சனிக்கிழமைகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னொரு சீட்டு கட்டினா அடுத்த ஆடிக்கு ஒத்தக்கண்ணு வாங்கிடலாம்டி," என்றாள் வள்ளியிடம்.

"அடுத்த ஆடிக்கா?" என்றாள் வள்ளி. கொஞ்சநேரம் தலையணை உறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "ரெட்டக்கண்ணே வாங்குக்கா. ஒரு கண்ணு தூங்கினாலும் இன்னொண்ணு முழிச்சிருக்கும்."

ஆயுத பூஜைக்கு முதல்நாள் மாலை கேமரா வீட்டுக்கு வந்தது. உள்ளே பன்னிரண்டு படத்துக்கான ஒரு ரோல். மறுநாள் காலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்று ரேணு நினைத்திருந்தாள். அம்மா ராஜம்மாள் விடவில்லை. தையல் மிஷின், மண்வெட்டி, ரேணுவின் சைக்கிள் எல்லாவற்றோடும் கேமராவையும் பூஜையில் வைத்தாள். வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது.

பொட்டு வைக்கும் வேலை வள்ளிக்கு. உட்கார்ந்தபடி செய்யலாம் என்பதால் வருஷா வருஷம் அது அவளுடையது. சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவள் கேமராவிடம் நின்றாள். "இதுக்கு நெத்தி எதுன்னே தெரியலியே," என்றாள். மேல் கண்ணில் ஒன்று வைத்தாள். "ஒண்ணுக்கு வெச்சா இன்னொண்ணு கோச்சுக்கும்," என்று கீழ்க்கண்ணிலும் வைத்தாள்.

"கண்ணாடிடி, பாத்து!"

"நான் வெச்சதை நானே தொடைக்கறேன், போ."

மறுநாள் காலை அவளே துடைத்தாள். சந்தனம் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. விளக்கெண்ணெய் பட்ட விரலால் தேய்த்துவிட்டுத் தாவணி நுனியால் துடைத்தாள். மேல் கண் பளபளத்தது. "முடிஞ்சிச்சு. இப்பப் பாருக்கா."

ரேணு குனிந்து பார்த்தாள். மேலே இருந்த சதுரக் கண்ணாடிக்குள் வள்ளி அவ்வளவு தெளிவாக இருந்தாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் தோளில் விழுந்திருந்தது. காதோரத்தில் பூனைமயிர்கூடத் தெரிந்தது. மூச்சு வாங்கும்போது கழுத்துக் குழியில் துடிப்பதும் தெரிந்தது. உண்மையில் வலப்பக்கம் இருந்தவள் கண்ணாடியில் இடப்பக்கம் சாய்ந்திருந்தாள்.

"சிரிடி."

"நீ ஆடு மாதிரி குனிஞ்சு நிக்கறதப் பாத்தா சிரிப்பு தன்னால வருது."

பன்னிரண்டையும் அவளையே எடுத்தாள் ரேணு. ஒன்றுகூட வேறு எதற்கும் வைக்கவில்லை.

ஐப்பசி ஆறாம் தேதி வேலூருக்குப் போனார்கள். ஆபரேஷனுக்குக் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலைக் காப்பியைக் கையில் வாங்கியவள் டம்ளரோடு சாய்ந்தாள். அவ்வளவுதான்.

கருமாதிக்குப் படம் வேண்டும் என்று அம்மா கேட்டபோதுதான் ரேணு ரோலை ஜம்புகுமாரிடம் கொண்டுபோனாள். ஃபிலிமைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தவர் அதை இன்னொருமுறை விரித்துப் பார்த்தார். "கேமராவைக் குடுங்கம்மா," என்று வாங்கி வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் திருப்பினார்.

"கண்ணாடியில இன்னா பூசினீங்க?"

கீழ்க்கண்ணில் சந்தனமும் எண்ணெயும் குழைந்து மஞ்சளாகப் படர்ந்து காய்ந்திருந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன விரலின் ரேகை.

"மேல பளிச்சுனு தெரிஞ்சுதே சார்," என்றாள் ரேணு. "எனக்கு நல்லாத் தெரிஞ்சுதே."

"மேல தெரியும்மா," என்றார் அவர் மெதுவாக.

துடைக்கத் துணியை எடுத்தவரிடமிருந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் ஒற்றைக்கண் கேமராதான் நினைவில் வந்தது. அதுவாக இருந்தால் பார்த்த உடனே கண்ணாடியில் பூசியிருந்தது தெரிந்திருக்கும். அடுத்த ஆடிவரை காத்திருந்தாலோ, எடுப்பதற்கு வள்ளியே இருந்திருக்கமாட்டாள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் படம் இல்லை.

பன்னிரண்டில் ஒன்றை மட்டும் ஜம்புகுமார் பிறகு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். பாலைக் கொட்டியதுபோல் ஒரே வெளுப்பு. ஓரத்தில் ஜன்னல் இருக்கும் இடம் தெரிந்தது. மற்றபடி ஆள் இருக்கிறாளா என்றுகூடச் சொல்ல முடியாது. ஃபிலிம் கெட்டுப்போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். துடைத்தது யார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

ராஜம்மாள் அந்தப் படத்தையே சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள். வருஷம் ஐந்தாகிறது. கேமராவின் கீழ்க்கண்ணில் இருந்த அந்த ரேகையை ரேணு ஒருமாதம் அப்படியே வைத்திருந்தாள். முதல் வளைகாப்புக்குக் கூப்பிட்டபோது, வேறு வழியில்லாமல், ஒரு காலையில் உட்கார்ந்து துடைத்தாள்.

ஆயுத பூஜைக்குக் கேமராவில் மட்டும் பொட்டு வைக்க விடமாட்டாள். அன்றைக்கு ராஜம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் படத்தின்முன் வந்து நிற்பாள். வெளுத்த கண்ணாடியின் மேல் விரல் அங்கேயும் இங்கேயும் அலையும்.

"நெத்தி எங்கடி ரேணு?"

அன்று கேமராக் கண்ணாடிக்குள் வள்ளி இடப்பக்கம் இருந்தாள். அப்படியானால் படத்தில் வலப்பக்கம். ரேணு மனதுக்குள் திருப்பிப் பார்த்துவிட்டு வெறும் வெளுப்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவாள்.

"இங்கம்மா."

அம்மா அங்கே பொட்டு வைப்பாள். வைத்துவிட்டுக் கேட்பாள்: "சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறாம்மா."