நோமோ முனையில் இரண்டு ஜோடிக் கண்கள்

அந்நியன் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திய நாடு, அவனை இன்னும் காணோமே என்று கோடைதோறும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன் மோஹெய். நாகசாகித் துறைமுகத்துக்குத் தெற்கே, நோமோ முனைக் குன்றின் மேல் அவனுக்கு ஒரு காவல் குடிசை. அடிவாரத்தில், வேலையோடு சேர்ந்து வந்த ஒரு வீடு.

கணவாய் மீன் பிடிப்பவனின் மகன். பத்து வயதிலேயே, அடிவானத்துப் படகின் பாயில் இருக்கும் ஒட்டுத்துணியைப் பார்த்து அது யார் படகு என்று சொல்லிவிடுவான். படகில் கால் வைத்தால் மட்டும் குடல் வாய்க்கு வந்துவிடும். கடலை ஓயாமல் பார்க்கவும் அதில் இறங்காமல் இருக்கவும் ஓர் உத்தியோகம் உண்டென்று தெரிந்தபோது, அரசாங்கம் தன்னை நினைத்தே அதை உண்டாக்கியதாக நம்பினான்.

ஆனால் விதிப்படி ஒரு ஜோடிக் கண் போதாது. இருவர் பார்த்து, இருவரும் ஒப்ப வேண்டும். இன்னொருவர் கென்பாச்சி. மூத்தவர், தங்கமான மனிதர். நூறடிக்கு அப்பால் மாடும் மரமும் அவருக்கு ஒன்றுதான். மோஹெய் "கப்பல்" என்பான், அவர் "ஆமாம், கப்பல்" என்பார். ஒன்பது வருஷம் ஒரு வம்பும் இல்லை.

வம்பு போன வருஷம் வந்தது. மோஹெய் கண்ட பாய், திமிங்கிலம் பீச்சியடித்த நீர். கென்பாச்சி அதிலும் மூன்று பாய்மரங்களைக் கண்டிருந்தார். நகரமே விழா உடுப்பில் துறைக்கு வந்து திரும்பிப் போயிற்று. இருவர் வாசலிலும் மூங்கிலைக் குறுக்கே கட்டி முப்பது நாள் அடைத்துவைத்தார்கள். பிறகு புது விதி: இனி இருவரும் பேசிக்கொள்ளாமல், கண்டதைத் தனித்தனித் தாளில் எழுத வேண்டும், அதிகாரி இவாசே இரண்டையும் ஒத்துப் பார்ப்பார். இன்னொரு முறை பிசகினால் வேலையும் போகும், வீடும் போகும்.

இந்த வருஷம் ஆறாம் மாதம் முடிந்தும், சாத்திய கதவு திறக்கும் ஒரே ஐரோப்பியரான ஒல்லாந்தரின் கப்பலைக் காணோம். அதில் வரும் சர்க்கரை ஊரில் தீர்ந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் பேச ஆளில்லாமல் தங்களுக்குள்ளேயே ஒல்லாந்த மொழியில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஏழாம் மாதம் மூன்றாம் நாள், உச்சி வெயிலில், தென்மேற்கே ஓர் அரிசிமணி வெள்ளை. மோஹெய் கண் கொட்டாமல் பார்த்தான். அரிசிமணி கலையவில்லை. வளர்ந்தது!

"அண்ணே!"

"எங்கடா? எத்தனை?" என்றார் கென்பாச்சி.

"சொல்லக் கூடாதே!"

"பாவி! ஒன்பது வருஷமா சொன்னே, இன்னிக்கு விதி பேசுறியா?"

சத்தம் கேட்டு இவாசே குடிசைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தார். ஒருவனை இந்தப் பக்கமும் மற்றவரைக் குடிசைக்கு அந்தப் பக்கமும் உட்காரவைத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "நான் நகரத்துக்குச் சேதி கொண்டுபோற படகுக்காரங்களைத் தயார் பண்ணிட்டு வர்றேன். அதுக்குள்ள எழுதி முடிங்க. ஒருத்தரோட ஒருத்தர் பேசுனீங்க, தொலைஞ்சீங்க!"

மோஹெய் "தென்மேற்கு, ஒல்லாந்தர் பாய்" என்று எழுதினான். எண்ணிக்கைக்கு வந்தபோது, குடிசையின் மூங்கில் தட்டிக்கு அப்பால் தன் மனைவி ஒசாயோவின் குரல் கேட்டது. சோறு கொண்டுவந்திருக்கிறாள்.

"கென்பாச்சி அண்ணே, தூரிகையைப் பிடிச்சுக்கிட்டு ஏன் எழவு வீட்டு மூஞ்சியா உக்காந்திருக்கீங்க?"

"தங்கச்சி, கடல்ல என்ன தெரியுது, சொல்லு."

"நல்லாருக்கு! சம்பளத்துல பாதியைக் கொடுங்க, சொல்றேன்."

"விளையாடாதம்மா, வீடு போயிரும்! உன் வீடும்தான்!"

செருப்புச் சத்தம் குன்றின் விளிம்புவரை போய் நின்றது. "செம்பட்டைத் தலை ஒல்லாந்தன் கப்பல்தான். ரெண்டு."

"ரெண்டா?"

"முன்னால ஒண்ணு. அது முதுகுலயே ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு. பின்னாலதுக்குப் பாய் கொஞ்சம் அழுக்கு."

மோஹெய் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். ஒன்றுதான். மறுபடி பார்த்தான். ஒன்றேதான். தான் கண்டதை எழுதினால் தாள்கள் ஒத்துப்போகா. அவள் கண்டதை எழுதி, அது பொய்யானால், இரண்டு குடும்பமும் தெருவில். நோமோவின் முதல் கண் அவனுடையது; அதை விட்டுவிட்டு, சோறு கொண்டுவந்தவள் கண்ணை நம்புவதா? ஆனால் கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் அவன் ஒளித்துவைத்த ஒரு சாராய ஜாடியைக்கூட அவள் காணாமல் விட்டதில்லை.

"இரண்டு" என்று எழுதினான்.

இவாசே மூச்சிரைக்க ஏறி வந்து தாள்களைப் பிரித்தார். இரண்டிலும் இரண்டு. கடலைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எனக்கு ஒண்ணுதானே தெரியுது? போன வருஷம் திமிங்கிலம். இந்த வருஷம் குட்டியோட வந்திருக்கா?"

மோஹெய் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். கென்பாச்சி மட்டும், கடல் இருப்பதாக அவர் நினைத்த திசையைக் கம்பீரமாகச் சுட்டினார். "நல்லாப் பாருங்கய்யா. பின்னாலதுக்குப் பாய் அழுக்கா இருக்கும்."

அப்போதுதான் முன்கப்பல் காற்றுக்கு வாகாகச் சற்றே திரும்பியது. அதன் முதுகிலிருந்து, பழுப்பேறிய இன்னொரு பாய் மெல்ல வெளியே வந்தது.

"ரெண்டுடா! ரெண்டு! படகை விடுங்கடா!" இவாசே ஒரு காலில் மட்டும் மரச்செருப்போடு குன்றிலிருந்து இறங்கி ஓடினார். மோஹெய் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தான்.

"விடுங்க, சோறு கொட்டுது!" என்றாள் அவள். அவளும் குதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வீட்டில் மோஹெய் சாகும்வரை, இன்னும் பத்தொன்பது வருஷம், இருந்தான். நோமோவின் மிகக் கூரிய கண் என்று கென்பாச்சிக்குப் பட்டு மேலங்கி கிடைத்தது. புது விதி அபாரமாக வேலை செய்வதாக இவாசே மேலிடத்துக்கு எழுத, மற்றக் காவல் குன்றுகளிலும் அதைக் கொண்டுவந்தார்கள். அங்கெல்லாம் சோறு கொண்டுபோனது யார் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.