அரைக் கட்டை கூடுதல்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் இசைக்குழுவில் 'கார்பன்' என்று பெயர். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடி, "இது கொஞ்சம் வேகமா ஓடுது" என்பார். கருவி வைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தக் காதின் மேல் அவருக்கு அப்படியொரு கர்வம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை மட்டும் வெள்ளைக் கோட்டு மாட்டி, இடது கையைப் பையில் விட்டு, மறைந்துபோன ஒரு பாடகராகவே மாறிவிடுவார். பதிவில் அந்தப் பாடகர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கேதான் இவரும் வாங்குவார். நடுவில் ஒரு கனைப்பு இருந்தால் அதையும் விடமாட்டார்.

அன்று சமுதாயக் கூடத்தில் அந்தப் பாடகரின் பாட்டுகள் மட்டுமே, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசையாக. கடைசிப் பாட்டில் ஓர் உச்சம் உண்டு. மூன்று மாதமாக அங்கே மாமாவின் குரல் பிசிறியது. இன்னொரு தடவை இழுத்துக் கத்தினால் குரலே போய்விடும் என்று தொண்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுருதியைக் குறைத்துப் பாடச் சொல்லி அக்கா கெஞ்சினாள்.

"குறைச்சா அது அவர் பாட்டே இல்ல" என்று ஒரே பிடியாக நின்றார் மாமா. ரேடியோவில் அதே பாட்டு வந்தால், "சவசவன்னு ஓட்டுறான்" என்று ரேடியோவைத் திட்டுகிற ஆசாமி அவர்.

இடைவேளையில், நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி அடுக்கும் அறைக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். அந்தக் கடைசிப் பாட்டுக்குப் பதிவில் வயலின் வாசித்த அம்மா. மாமா எழுந்து நின்ற பவ்யத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"நல்லா பாடுறீங்க. ஆனா எல்லாத்தையும் ஏன் அரைக் கட்டை ஏத்திப் பாடுறீங்க?"

"இல்லம்மா, டேப்ல கேட்டு அச்சு அசலா எடுத்தது. என் காது தப்பு பண்ணாது."

"அது நான் வாசிச்ச பாட்டு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"வயசாயிடுச்சு, மறந்திருப்பாங்க" என்றார் மாமா. ஆனால் கோட்டுப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், டேப் ரெக்கார்டர் மந்தமாக ஓடுகிறது என்று அக்கா சொன்னதும், திருப்புளியால் மோட்டாரின் திருகை முடுக்கிவிட்ட கெட்டிக்காரன் நான்தான். அதில் கேட்டுத்தான் மாமா அத்தனை பாட்டையும் கற்றார். சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார். சொல்லாவிட்டால் குரல் போய்விடும்.

"மாமா, அவங்க சொன்னது சரி. நம்ம டேப் ரெக்கார்டர் மோட்டாரை நான் திருகிட்டேன். வேகமா ஓடுச்சு, அதுல சுருதியும் ஏறிடுச்சு."

மாமா தப்பாகப் போட்ட பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார். பிறகு, "மோட்டார் வேகமா ஓடினது எனக்கே தெரியாம போச்சா?" என்றார். பதில் சொல்வதற்குள் மணி அடித்தது.

பாட்டுக்குப் பாட்டு பழைய சுருதியிலேயே பாடினார். என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசிப் பாட்டு வந்தது. முன்வரிசையில் அக்கா வெந்நீர் ஃபிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் கீபோர்டின் சுருதிப் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

மாமா மைக்கின் முன் நின்றார். மேடையில் ஒருநாளும் வெளியே வராத இடது கை பையிலிருந்து வந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு விரலைக் கீழே காட்டினார். கிட்டார்காரருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு அழுத்தினேன்.

உச்சத்தில் குரல் பிசிறவில்லை. நின்று, நிதானமாக இறங்கியது. அக்கா அழுதுவிட்டாள்.

கைதட்டல் ஓய்ந்து, கூடம் காலியாகி, நான் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார்.

"அவரைக் காப்பியடிக்கிறேன்னு நெனச்சேன் மாப்ளே. இருபத்திரண்டு வருஷமா உன் திருப்புளியையில்ல காப்பியடிச்சிருக்கேன்!"

கூடமே எதிரொலிக்கத் திட்டினார். ஒரு சொல்கூடப் பிசிறவில்லை. ஒயரைக் கீழே போட்டுவிட்டு முழுவதையும் கேட்டேன்.